ரீஸ்டார்ட் செய்தால் பழைய கோலம்: திருகோணமலையிலிருந்து சில கணினி அனுபவங்கள்

தட்டச்சுக் கடைக்காரர், திருகோணமலை நகரம்:

காணிக் கடிதம், திருமண அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று எல்லாம் எங்கள் கடையில் தட்டச்சு செய்கிறோம். இவற்றில் நினைவு மலர்தான் நாள் கடத்த முடியாத வேலை. அப்படியொரு மலருக்கு மெய்ப்புப் பார்க்க வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்த காலையில் கணினியைத் திறந்தேன். கோணேசர் கோயில் கோபுரப் படம் இருந்த திரையில் விண்டோஸின் நீலப் படம். டெஸ்க்டொப் துடைத்துவிட்டதுபோல் வெறுமை. பாமினி என்ற தமிழ் எழுத்துரு இல்லை. முதல் நாள் மாலை அடித்த தேவாரம் ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது; மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

கோப்பு டி டிரைவில் இருந்ததால் தப்பியது. எழுத்துருவை மீண்டும் நிறுவி, ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, படத்தையும் மாற்றி, வேலையை முடித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் திறந்தால் மறுபடியும் அதே நீலப் படம்.

திருத்துகிற தம்பியைக் கேட்டால், “போர்மட் அடித்துவிடுவோம் அண்ணே” என்றார். கணினி தும்மினாலும், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் எங்கள் ஊரில் மருந்து. நான் சம்மதிக்கவில்லை. அமைப்புகள் சேமிக்கப்படவில்லை என்பது என் சந்தேகம் அல்ல. சேமிக்கப்படும் இடமே இரவோடு அழிகிறது என்பதுதான். அதைப் பரிசோதிக்க ஒரு எளிய வழி உண்டு. டெஸ்க்டொப்பில் ஒரு வெற்றுக் கோப்பு, சி டிரைவுக்குள் நேரே ஒரு வெற்றுக் கோப்புறை, இரண்டையும் உருவாக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். என் கணினியில் சி டிரைவின் கோப்புறை அப்படியே இருந்தது, டெஸ்க்டொப் கோப்பு மட்டும் போய்விட்டது. ஆகவே வட்டில் பழுதில்லை, என் பயனர் கணக்கில்தான் கோளாறு என்று தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பயனரின் திரைப் பின்னணிப் படம், நிறம், மவுஸ் வேகம், விசைப்பலகை எல்லாம் அவருடைய கோப்புறையில் மறைந்திருக்கும் என்டியூசர் (NTUSER.DAT) என்ற கோப்பில் பதிவாகின்றன. நுழையும் நேரத்தில் விண்டோஸால் அதைத் திறக்க முடியாவிட்டால் ஒரு தற்காலிகக் கணக்கை உருவாக்கி உள்ளே விடும். வெளியேறியவுடன் அதை அழித்துவிடும். மூலையில் ஓர் அறிவித்தல் வந்து மறையும். வேலை அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்? சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரோடு ‘டெம்ப்’ என்று இன்னொன்று நின்றால் நீங்களும் என் கூட்டாளிதான். விண்டோஸ் 10இல் எழுத்துருவை இருமுறை தட்டி நிறுவினால் அதுவும் பயனரின் கோப்புறைக்குள்தான் போகிறது. பாமினி காணாமற்போனதன் காரணம் இதுவே. வலது சொடுக்கில் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவு உண்டு. கடைக் கணினிகளில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில், லோக்கல் மெஷின் கிளையில் சொப்ட்வெயார், மைக்ரோசொப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வேர்ஷன் என்று இறங்கினால் புரொபைல்லிஸ்ட் வரும். அங்கே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்கள், பயனர் கணக்குக்கு ஒன்றாக, வரிசையாக நின்றன. ஒரே எண் இரண்டு தடவை இருந்தது. ஒன்றின் வாலில் ‘.பேக்’ (.bak). வால் உள்ளதுதான் என் உண்மையான கோப்புறையைக் காட்டியது. வால் இல்லாததன் பெயரோடு ‘.ஓல்ட்’ என்று சேர்த்தேன். மற்றதன் வாலை வெட்டினேன். அதற்குள் இருந்த ஸ்டேட், ரெஃப்கவுண்ட் இரண்டையும் சுழியமாக்கி ரீஸ்டார்ட் செய்தேன். கோபுரம் திரும்பி வந்தது. தொடும் முன் அந்தக் கிளையை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகக் கணக்கில் சேமித்தவற்றை வெளியேறும் முன்பே பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு தேடிப் பயனில்லை.

ஏன் வந்தது என்று கேட்டால் என் கை யூபிஎஸ் பக்கம்தான் நீளும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்கூட மின்வெட்டு இருந்ததே, அந்த ஆண்டு வாங்கியது. இப்போது மின்சாரம் போனால் யூபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டு அதுவும் போய்விடுகிறது. கணினி வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் முதலில் கெடக்கூடியவற்றில் இந்த என்டியூசர் கோப்பும் ஒன்று.

ஆசிரியை, கிண்ணியா:

அண்ணன் சொன்ன சோதனையை எங்கள் பாடசாலைக் கணினி அறையில் செய்து பார்த்தால் இரண்டுமே மறைந்துவிடும். அங்கே பழுது எதுவும் இல்லை. அந்தக் கணினிகளில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எதை மாற்றினாலும், எந்தப் பென்டிரைவிலிருந்து எந்த வைரஸ் வந்தாலும், ரீஸ்டார்ட் செய்தவுடன் கணினி உறையவைத்த நாளின் நிலைக்கே திரும்பிவிடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிக்கரடிப் படம் நிற்கும், பார்த்திருப்பீர்கள்.

எனக்கு முன்பு இருந்தவர் கடவுச்சொல்லைச் சொல்லாமலேயே இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பிள்ளைகள் செய்த பவர்பொயின்ட் எல்லாம் மறுநாள் காணவில்லை என்று ஒரு தவணை முழுக்க ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி, “டீச்சர், கரடி தின்கிறது” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கடவுச்சொல்லை வாங்கினேன். ஷிப்டை அழுத்திக்கொண்டு கரடியை இருமுறை தட்டி, உறைநிலையை நீக்கி, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, மீண்டும் உறையவைத்தேன். பிள்ளைகளின் வேலைக்கு உறையாத பகுதி ஒன்றைத் தனியாக ஒதுக்க முடியும். அதை முதலிலேயே செய்திருந்தால் இத்தனை கண்ணீர் இருந்திருக்காது.

விடுதி வரவேற்பில் வேலை செய்பவர், உப்புவெளி:

எங்களுக்கும் இரண்டும் மறைந்தன, ஆனால் கரடி இல்லை. முன்பதிவு அட்டவணையில் போட்ட பெயர்கள் அடுத்த நாள் இல்லை. அழித்த படங்கள் திரும்பி வந்தன! முதலாளி என்னைத்தான் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால் மடிக்கணினியின் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டின் ஆயுள் முடிந்து, எழுத மறுக்கும் நிலைக்குப் போயிருந்தது. சில எஸ்எஸ்டிகள் அப்படித்தான். விண்டோஸ் மாற்றங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டதுபோல் காட்டும், வட்டில் ஒன்றும் ஏறாது. அழித்த கோப்பு உயிர்த்தெழுந்தால் வேறு வைத்தியம் பார்க்காதீர்கள். வாசிக்க முடிகிற வரைக்கும் நகல் எடுத்துக்கொண்டு வட்டை மாற்றுங்கள்.

அலுவலக உதவியாளர், மூதூர்:

இரண்டும் பத்திரமாக இருந்து திரைப் பின்னணிப் படம் மட்டும் மாறினால்? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான். மகளின் படத்தை வைத்தால் காலையில் அலுவலகச் சின்னம். அமைப்புகள் பக்கத்தின் மேலே சில அமைப்புகளை நிறுவனமே நிர்வகிப்பதாகச் சிறிய எழுத்தில் இருந்தது. அது பிழையல்ல, கட்டளை. மகளின் படம் இப்போது மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக் கணினியில் அந்தப் பக்கமே மங்கிக் கிடந்தால் விண்டோஸ் உரிமம் செயற்படுத்தப்படவில்லை என்று பொருள்.

கடிகாரம் திருத்துபவர், என்.சி. வீதி:

நேரமும் திகதியும் மட்டும் பின்னுக்குப் போகிறது என்று வருகிறவர்களும் உண்டு. அதற்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். இரவில் சுவர் ஆளியையும் அணைத்துவிடுகிற கடைகளில் அது இன்னும் விரைவாகத் தீரும். 3 வோல்ட், எங்களிடமே இருக்கிறது.

வாசகர், சீனன்குடா:

கடைக்கார அண்ணன், எனக்கும் ‘டெம்ப்’ வருகிறது. ஆனால் ‘.பேக்’ வால் உள்ள எண் எதுவும் இல்லையே?

தட்டச்சுக் கடைக்காரர், திருகோணமலை நகரம்:

முதலில் சி டிரைவுக்கு, வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓடவிடுங்கள் தம்பி. வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கவும் கூடும். அதைச் சற்று நிறுத்திவிட்டு நுழைந்து பாருங்கள். ஷட்டவுன் போதாது, ரீஸ்டார்ட்டே கொடுக்க வேண்டும். விண்டோஸ் 8இலிருந்து ஷட்டவுன் செய்தாலும், வேகமாகத் திறப்பதற்காக உள்ளே ஒரு பகுதியை அப்படியே பொதிந்து வைத்துவிடுகிறது. அதற்கும் மசியவில்லை என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகி உரிமையோடு புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, பழைய கோப்புறையிலிருந்து ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டொப் எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுங்கள். என்டியூசர் என்று பெயர் தொடங்கும் மறைவுக் கோப்புகளை மட்டும் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் புதிய கணக்கும் கெடும்.