ஜானகி அம்மாள் கரும்பை இனிக்க வைத்தாரா? மகளின் பேச்சுப் போட்டிக்கு உதவி வேண்டும்

மேலூர்க்காரி:
மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் தினப் பேச்சுப் போட்டி. தாவரவியலாளர் ஜானகி அம்மாளை எடுத்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் வந்த "கரும்புக்கு இனிப்பு ஊட்டியவர்" என்ற வரியோடுதான் பேச்சே தொடங்குகிறது. நாங்கள் பொங்கல் கரும்பு போடுகிறவர்கள். அவள் அப்பா கேட்டுவிட்டு, "அதுக்கு முன்னாடி கரும்பு கசந்துச்சாக்கும்?" என்று சிரிக்கிறார். பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் உண்மையில் என்னதான் செய்தார்?

பழைய கரும்பு அலுவலர்:
தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. உங்க தோட்டத்துச் செங்கரும்பு மாதிரித் தடித்த கரும்பு எப்போதுமே இனிப்புதான். அதைக் காட்டு நாணலோடு கலந்து, வறட்சியும் நோயும் தாங்குகிற ரகத்தை உண்டாக்கியவர்கள் கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்து பார்பரும் வெங்கட்ராமனும். நிலையம் தொடங்கியது 1912. அப்படிக் கலந்து வந்த ரகமான கோ 205 வெளியானது 1918. ஜானகி அம்மாள் அங்கே போனதே 1934இல்தான்.

அவர் வேலை வேறு. கரணையிலிருந்து, அதாவது நடுகிற கரும்புத் துண்டிலிருந்து, விடுகிற வேர் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கிற இழைகளை, எண்ணுவது. மனிதனுக்கு 46. தடித்த கரும்புக்கு 80. வைகைக்குள் மண்டிக் கிடக்கிற நாணல் இருக்கிறதே, அந்த இனத்தில் இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். அத்தனையும் பொடிப்பொடியாக, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். செல் பிரிகிற நேரத்தில் பிடித்தால்தான் எண்ணவே முடியும். கண் வலிக்கிற வேலை என்று சொன்னால் போதாது. ஆனால் எதை எதோடு கலந்தால் பிள்ளை தங்கும் என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும். கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து பார்த்தவர் அவர்! விடாமுயற்சி என்று பேச வேண்டுமானால் இதைப் பேசட்டும்.

வைகைக்கரை:
அலுவலர் ஐயா விட்டதைச் சொல்கிறேன். 1897இல் தலச்சேரியில் பிறந்து, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளாத பெண், அதுவும் அன்று தாழ்வாகப் பார்க்கப்பட்ட தீயர் சாதி. அதனால் கோவையில் கூட வேலை பார்த்த ஆண்கள் அவரைச் சரியாக நடத்தவில்லை. இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுக்க அங்கேதான். டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் புத்தகமே போட்டார். 1951இல் நேரு கூப்பிட்டுத்தான் திரும்பினார். இதைச் சொல்லாமல் "சாதனைப் பெண்மணி" என்று மட்டும் முடித்தால் பேச்சு சப்பென்று இருக்கும்.

கொடைரோடு வாசகர்:
எழுபது வயதுக்கு மேலும் சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1984இல் இறந்ததும் அங்கேதான். கேரளத்துச் சைலன்ட் வேலி காட்டில் அணை வரக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இன்னொன்று, நம்ம பக்கத்துச் செய்தி: கொடைக்கானலில் ரோஜா ரகங்கள் உருவாக்கும் வீரராகவன் தம்பதி ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மேலூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. முதல் வரியை அடித்துவிட்டாள். அண்ணே, அந்த வேர் நுனியை மேடையில் காட்ட முடியுமா?

பழைய கரும்பு அலுவலர்:
தாராளமா. ஒரு பரு, அதாவது முளைக்கிற மொட்டு, உள்ள கரணையாக நறுக்கி, ஈர மணலில் புதைத்து வையுங்கள். சில நாளில் கணுவைச் சுற்றி வெள்ளை வேர் விடும். போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி வைத்தால் சரியாக இருக்கும். கூட ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அழுகினாலும் அழுகும்.