‘வெளியேற்றமா’, ‘விடுவிப்பா’: டென்டின் வளர்ச்சிக் காரணிகளுக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா.

உங்கள் பல் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ‘குரோத் ஃபேக்டர் ரிலீஸ்’ என்பதற்கு ‘வளர்ச்சிக் காரணி வெளியேற்றம்’ என்று இட்டிருக்கிறீர்கள். செல்களை வளரத் தூண்டும் புரதங்களுக்கு ‘வளர்ச்சிக் காரணி’ பழகிய சொல், இருக்கட்டும். ‘வெளியேற்றம்’தான் இடிக்கிறது. வேர்க்கால்வாயைக் கழுவும்போது வெளியேறுவது கழிவு: செத்த பற்கூழ், கிருமி, அழுக்கு நீர். உறிஞ்சுகுழாய் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். வளர்ச்சிக் காரணிகளோ, செத்த பற்கூழின் இடத்தில் புதுத் திசு வளர்க்கும் சிகிச்சையில், உள்ளேயே இருக்க வேண்டியவை.

பல் உருவாகும் காலத்தில் டென்டினை (எனாமலுக்கு அடியிலுள்ள கடினத் திசு) இட்ட செல்கள் சுரந்த டி.ஜி.எஃப்-பீட்டா 1 போன்ற புரதங்கள் கொலாஜன் வலையில் சிக்கி, மேலே தாது படிந்து, பூட்டிக் கிடக்கின்றன. 17% ஈ.டி.டி.ஏ. கரைசல் தாதுவிலுள்ள கால்சியத்தை நண்டுக் கொடுக்குபோலக் கவ்விப் பிரிக்கிறது. வேதியியல் பாடநூலின் ‘கொடுக்கிணைப்பு’ இதுவே. தாது கரைந்ததும் காரணிகளின் பூட்டு திறக்கிறது. ஒரு பகுதி கரைசலோடு போய்விடும். ஒரு பகுதி சுவரிலேயே தலைகாட்டி நிற்கும். பின்னால் இரத்தத்தோடு வரும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) அந்தச் சுவரில்தான் ஒட்ட வேண்டும். பூட்டுத் திறப்பதைச் சொல்ல ‘விடுவிப்பு’ பொருந்தும்.

*

டாக்டர், ‘விடுவிப்பு’ நன்றாக இருக்கிறது. ஓர் ஐயம். சொத்தையில் கிருமிகளின் அமிலமும் டென்டினைக் கரைத்து இதே காரணிகளை அவிழ்க்கிறதே, அதற்கும் இதே சொல்லா? இரண்டுக்கும் பொதுவாக ‘வெளிப்படுத்தல்’ என்று வைத்தால் என்ன? பதிவில் சேர்க்க ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும்.

*

‘வெளிப்படுத்தல்’ வேண்டாம் ஐயா. மரபணு வெளிப்பாடு என்று அது ஏற்கெனவே போய்விட்டது. இதே சிகிச்சையைப் பற்றிய கட்டுரையில் குருத்தணுவின் மரபணு வெளிப்பாடும் வரும். இரண்டும் ஒரே பத்தியில் மோதும்.

சொத்தைக்கு ‘விடுபடல்’ போதும். அது தானாக நடப்பது. மருத்துவர் வேண்டுமென்று செய்வது ‘விடுவிப்பு’. தன்வினை, பிறவினை என்று தமிழே கையில் கொடுக்கும் வேறுபாட்டை ஏன் விட வேண்டும்?

எடுத்துக்காட்டுக்கு முன் செய்முறையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லின் பொருள் அதில்தான் இருக்கிறது. அமெரிக்க வேர்க்கால்வாய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலில், முதல் நாள் கிருமி கொல்லும் 1.5% சோடியம் ஹைப்போகுளோரைட், கால்வாய்க்கு 20 மி.லி., 5 நிமிடம். பக்கத் துளை ஊசியின் முனை வேர்நுனிக்கு 1 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். பிறகு உப்புநீர் அல்லது ஈ.டி.டி.ஏ., அதன்மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்து, 1 முதல் 4 வாரம். அடுத்த வருகையில் 3% மெபிவகைன் மரப்பூசி. அதில் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கூடாது, இருந்தால் பின்னால் வேண்டிய இரத்தம் எளிதில் வராது. மருந்தைக் கழுவி எடுக்க 20 மி.லி. 17% ஈ.டி.டி.ஏ.; காகித முனையால் ஈரம் ஒற்றி, வளைத்த கே-ஃபைலை (மெல்லிய அரம் போன்ற கருவி) வேர்நுனிக்கு அப்பால் 2 மி.மீ. செலுத்தி இரத்தம் வரச் செய்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டல் ஈ.டி.டி.ஏ.வுக்குப் பின் 5 மி.லி. உப்புநீரும் சேர்க்கிறது, மிஞ்சிய கரைசல் செல்களைத் தாக்காதிருக்க.

கெடுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால். ஈ.டி.டி.ஏ.வுக்குப் பின் ‘இன்னும் ஒருமுறை சுத்தம் செய்வோம்’ என்று ஹைப்போகுளோரைட்டை விட்டால், அப்போதுதான் தலைகாட்டிய புரதங்களை அது சிதைத்துவிடும். 6% ஹைப்போகுளோரைட் குருத்தணு பிழைப்பதையே குறைக்கிறது, அதன்பின் ஈ.டி.டி.ஏ. விட்டால் அந்தக் கேடு ஓரளவே மீள்கிறது.

ஆகவே பதிவு இப்படி இருக்கட்டும்:

காரணி விடுவிப்பு: டென்டினில் தாதுவோடு பூட்டிக் கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கொடுக்கிணைப்பான் கொண்டு அவிழ்த்தல். ‘காரணி விடுவிப்புக்குப் பின் கால்வாயில் ஹைப்போகுளோரைட் விடலாகாது.’

டென்டினுக்கு ‘பல்லெலும்பு’ என்று எங்கோ பார்த்தேன். அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பல்லைத் தாங்கும் தாடையெலும்பு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.