பார்வை இல்லாத பிள்ளைங்க பிளஸ் ஒன்ல கணக்கு எடுக்கலாமா, கூடாதா?

தென்காசி அக்கா:
தம்பிக்கு பிறவிலேர்ந்தே பார்வை கிடையாது, பத்தாவது முடிச்சிட்டான், கணக்குன்னா உயிர். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கேட்டா ஸ்கூல்ல ஹிஸ்டரிதான் இவங்களுக்கு சரிப்படும்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. நீங்கல்லாம் என்ன சொல்றீங்க?

மேத்ஸ் சார்:
கோவிச்சுக்காதீங்க மேடம், நான் பிளஸ் டூக்கு கணக்கு எடுக்குறவன், ஸ்கூல் சொன்னதுல நியாயம் இருக்கு. கிராஃப், வெக்டர் எல்லாம் போர்டுல வரைஞ்சு காட்டித்தான் நடத்துறோம். பையன் சொல்லச் சொல்ல பரீட்சை எழுதிக் குடுக்க ஸ்க்ரைபா வர்றவங்களுக்கு இன்டக்ரல் குறியே தெரியலன்னா பையன் சரியா சொன்னாலும் பேப்பர்ல தப்பாதான் விழும். ஹிஸ்டரின்னா பி.ஏ., பி.எட்.னு ஒரு வேலைக்குப் போயிடுவான்.

ஆறு புள்ளி:
சார், எனக்கும் பார்வை கிடையாது, பேங்க்ல வேலை பாக்குறேன். சின்ன கிளாஸ்ல டெய்லர் ஃபிரேம்ல, அதான் குழி குழியா இருக்கிற பலகையில, திசைக்கு ஒரு எண்ணுன்னு கட்டைய திருப்பித் திருப்பி வச்சு நல்லா கணக்குப் போட்டேன், ஆறாவதுல வேற ஸ்கூலுக்கு மாறுனதும் ஜியாமெட்ரி வந்தாலே நீ சும்மா உக்காருப்பான்னுட்டாங்க, அங்கயே என் கணக்கு முடிஞ்சுது. ரப்பர் ஷீட் மேல பேப்பர வச்சு பல்லு வச்ச சின்னச் சக்கரம், அதான் ஸ்பர் வீல், அத உருட்டுனா பின்பக்கம் கோடு மேடா எழும்பும், முக்கோணம், கிராஃப் எல்லாத்தையும் விரலாலயே படிக்கலாம். டெல்லியில பார்வை இல்லாத கார்த்திக் சாஹ்னி சி.பி.எஸ்.இ.யோட போராடி சயின்ஸ் எடுத்து 2013ல பிளஸ் டூல 95 சதவீதத்துக்கு மேல வாங்கி ஸ்டான்ஃபோர்டு போனாரு.

மேத்ஸ் சார்:
ஒருத்தர வச்சு எல்லாருக்கும் சொல்லாதீங்க. விரலால தொட்டுப் படிக்கிற பிரெயில் புக் தமிழ் மீடியத்துக்கு நேரத்துக்கு வருமா? கெமிஸ்ட்ரி லேப்ல டைட்ரேஷன்ல சொட்டுச் சொட்டா விடறப்போ கரைசல் பிங்க் ஆகுறத எப்படி பாப்பான்?

ஸ்பெஷல் டீச்சர்:
கலர் மாறிடுச்சுன்னு பக்கத்துல நிக்கிற பிள்ளை சொல்லட்டும் சார், ஏன் மாறுது, எத்தனை எம்எல் போச்சு, அத வச்சு கணக்குப் போடறதுதானே பாடம். எனக்குத் தெரிஞ்ச பெரிய தடங்கல் நாம பேசுற விதம்தான். "ரூட் எக்ஸ் பிளஸ் ஒன்"ங்கிறோம், ரூட்டுக்குள்ள எக்ஸ் மட்டுமா, ஒண்ணும் சேர்த்தா? மத்த பிள்ளைங்க போர்டப் பார்த்துக்கும், இவன் என்ன பண்ணுவான்? பிரெயில்ல கணக்கு எழுத முறை போட்ட ஆபிரகாம் நெமத்துக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது, அவரையும் கணக்கு வேணாம்னு சைக்காலஜி பக்கம் தள்ளுனாங்க, அப்புறம் கணக்குப் பேராசிரியராவே இருந்து, வாயால குழப்பமில்லாம வாசிக்கவும் ஒரு முறை போட்டாரு. ரூட் ஆரம்பம், எக்ஸ் பிளஸ் ஒன், ரூட் முடிவு, இப்படித்தான் சொல்லணும். இது பழகிட்டா ஸ்க்ரைப் பிரச்சனையும் பாதி தீரும்.

மேத்ஸ் சார்:
ரூட் விஷயம் சரி, நாளைக்கே கிளாஸ்ல மாத்திக்கிறேன். ஆனா எங்க ஒன்றியத்துல ஸ்பெஷல் டீச்சர் எப்பவாவதுதான் வர்றாங்க, கால்குலஸ யார் பிரெயில்ல போட்டுத் தருவா? ஏற்பாடு இல்லாம சேத்துக்கிட்டு ஃபெயிலானா வலி அந்தப் பையனுக்குத்தான். மொதல்ல ஏற்பாடு வரட்டும்.

ஆறு புள்ளி:
பிள்ளையே சேரலன்னா ஏற்பாடு யாருக்காக சார் வரும்? தேவைக்கேத்த வசதி பண்ணித் தர்ற பொறுப்ப 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்து மேலதான் வச்சிருக்கு. அக்கா, முடியாதுன்னு வாயால சொன்னத எழுத்துல கேளுங்க. லேப்டாப்ல திரையில இருக்கிறத வாசிச்சுச் சொல்ற என்விடிஏ சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க, காசு கிடையாது.

தென்காசி அக்கா:
திங்கக்கிழமை எழுத்துல கேக்கப் போறேன். மேத்ஸ் சார், பதினொண்ணாவதுல முதல் பாடம் கணங்கள், சார்புகள்தானே? வரைபடத்த ஸ்பர் வீல்ல போட்டுக் குடுன்னு கேக்குறான் தம்பி, எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?