சர்க்கரை நோய் ட்ரையலுக்குப் புள்ளியியல் தெரிந்தவர் தேவை (மதுரை)

வணக்கம். மேலூர், உசிலம்பட்டி பக்கத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கான ஒரு கிளினிக்கல் ட்ரையலுக்குத் திட்டம் போடுகிறோம். கணக்கைச் சரிபார்க்கவும், இளையவர்களுக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் சொல்லித்தரவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா?

இதுவரை போட்ட கணக்கு: எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இரண்டு குழுவுக்கும் இடையே வித்தியாசம் 0.5, திட்ட விலக்கம் 1.2, பவர் (உண்மையில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம், ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05. குழுவுக்கு 91 பேர். 15 சதவீதம் பேர் நடுவில் நின்றுவிடுவார்கள் என்று வைத்தால் 108. (91-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். பலர் 1.15-ஆல் பெருக்கி 105 என்று எழுதிவிடுகிறார்கள்.)

தலைவலி இதில்தான்: ஒரே ஊரில் இரண்டு குழுவும் இருந்தால் ஒரு குழுவுக்குத் தரும் உணவு ஆலோசனை திண்ணைப் பேச்சிலேயே பரவிவிடும். அதனால் ஊர் ஊராகப் பிரிக்க நினைக்கிறோம். ஊருக்கு 20 பேர், ஐசிசி (ஒரே ஊர்க்காரர்களின் அளவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்) 0.05 என்றாலே தேவை 1.95 மடங்கு, குழுவுக்கு 178, விடுபடுவோரைச் சேர்த்தால் 210. அந்த 0.05 வெறும் ஊகம். நம் பக்கத்து ஆய்வு எதிலாவது கணக்கிட்ட ஐசிசி இருந்தால் தாருங்கள்.

இன்னொன்று, மூன்றாம் மாத விசிட் சித்திரைத் திருவிழாவில் வந்து விழுகிறது. முன்பின் 7 நாள் அவகாசம் போதுமா, 14 வைக்கலாமா? சிடிஆர்ஐ (இந்தியக் கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு) பதிவை முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே முடிக்க வேண்டும் என்பதால், நெறிமுறைக் குழுவுக்குப் போகுமுன் இதைத் தீர்த்தாக வேண்டும்.