ஒகேனக்கல்ல போன்லயே போட்டோ எடுக்க எந்த ஆப் நல்லாருக்கும்?

பாலக்கோடு தம்பி:
அண்ணா, கேமரா வாங்க இப்ப வசதியில்ல, ஆண்ட்ராய்டு போன் தான் இருக்கு. அருவி தண்ணி பட்டு மாதிரி வழுவழுன்னு விழணும், ஆனா நான் எடுத்தா துளித்துளியா உறைஞ்சு நிக்குது. வேற உபயோகமான ஆப் இருந்தாலும் சொல்லுங்க.

கிருஷ்ணகிரி கல்யாண போட்டோகிராபர்:
தம்பி, ஓப்பன் கேமரா போடு, இலவசம், விளம்பரமும் கிடையாது. உன் போன் மேனுவல் கண்ட்ரோலுக்கு, அதாவது செட்டிங்க நாமளே மாத்தறதுக்கு, ஒத்துழைச்சா ஐஎஸ்ஓவ (படத்த எவ்ளோ வெளிச்சமாக்கிக் காட்டணும்ங்கற அளவு) ஆகக் கம்மியா வச்சு ஷட்டர (வெளிச்சத்த பதிவு பண்ற நேரம்) 1/4 செகண்டுக்கு கொண்டு வா, அந்த நேரத்துல தண்ணி நகர்றதால தான் பட்டு மாதிரி விழும். போன் ஆடக்கூடாது, அதனால ட்ரைபாட் ஸ்டாண்டு கண்டிப்பா வேணும். உச்சி வெயில்ல போனா படம் வெளுத்துரும், ஏன்னா பெரும்பாலான போன்ல அபெர்ச்சர, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் நுழையற துவாரத்த, மாத்த முடியாது, அதனால காலைல சீக்கிரம் போ, இல்லன்னா வெளிச்சத்த கம்மி பண்ற கருப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர லென்ஸ்ல மாட்டு. சாரல் லென்ஸ்ல படும், காட்டன் துணி கையிலயே இருக்கட்டும். எடிட்டிங்குக்கு ஸ்நாப்சீட் போதும், செலக்டிவ் டூல்ல பாறைய மட்டும் தனியா வெளிச்சமாக்கலாம், எனக்கு ரொம்பப் புடிச்சது அதான்.

பென்னாகரம்காரன்:
மேல அண்ணன் சொன்னது சரி. நான் போனப்ப மலைப்பாதைல சிக்னலே வரல, அதனால வீட்லயே கூகுள் மேப்ஸ்ல ஆஃப்லைன் மேப் இறக்கிக்க. வண்டில போறதா இருந்தா லைசென்ஸ், ஆர்சி ரெண்டையும் அரசாங்கத்தோட டிஜிலாக்கர் ஆப்ல எடுத்து வை, பரிசல்ல நனைஞ்சு என் ஒரிஜினல் லைசென்ஸே வீணாப்போச்சு.

பாலக்கோடு தம்பி:
ரொம்ப நன்றிணா, ஓப்பன் கேமரா போட்டுட்டேன், ஷட்டர் ஆப்ஷன் வருது! ஞாயித்துக்கிழமை விடியக்காலைலயே கெளம்பிடறேன், படம் இங்கயே போடறேன்.