ஏற்காட்டில் கேழ்வரகு கேக் நடுவில் குழிகிறது, உதவுங்கள்

வணக்கம். இனிப்பு குறைத்த பிறந்தநாள் கேக் இது. கோதுமை மாவு 120 கிராம், கேழ்வரகு மாவு 60, நாட்டுச்சர்க்கரை 90, கெட்டித் தயிர் 150, முட்டை 2, எண்ணெய் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி.

சேலத்தில் 175 டிகிரியில் 35 நிமிடம் வைத்தால் அருமையாக வருகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டிலோ, பொங்கி எழுந்து நடுவில் அமுங்கிவிடுகிறது. காற்றழுத்தம் குறைவு, மாவு வெந்து இறுகுவதற்குள் வாயு விரிந்து குமிழ் உடைகிறது. கேழ்வரகில் குளூட்டன் என்ற புரதமும் இல்லை, தாங்கிப் பிடிக்க.

பவுடரை 1 தேக்கரண்டியாக்கி, பால் 2 மேசைக்கரண்டி சேர்த்தும் குழி பாதிதான் குறைந்தது. சூட்டை 190க்கு ஏற்றலாமா, இன்னொரு முட்டை சேர்க்கலாமா? மலையில் கேக் சுடுபவர்கள் கிராம் கணக்கோடு சொல்லுங்கள். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், அதை மட்டும் கூட்டச் சொல்லாதீர்கள். மேலே பூச வடிகட்டிய தயிரே போதும்.