கொல்லிமலை 70 வளைவு: ரோடு பைக்குக்கு (சைக்கிள்) எந்த கியர்?

கேள்வி: காரவள்ளி வழியா ஏறி, முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கலாம்னு திட்டம். முன்னாடி சக்கரப்பல் 50/34, பின்னாடி 11-லேர்ந்து 28 பல் வரை (11-28), ரிம்மை அழுத்திப் பிடிக்கிற ரிம் பிரேக். போதுமா?

பதில்: ஏறிடலாம், ஆனா முட்டி வலிக்கும். முன்னாடி 34, பின்னாடி 28 பல்லுல (34/28) நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா வேகம் மணிக்கு 9 கி.மீ.க்கு மேல. அந்த வேகத்தைப் பிடிக்க முடியலைன்னா மிதி கனத்துடும். 11-34 போட்டா அதே மிதிக்கு 7.7 கி.மீ. வேகம் போதும். ஆனா பின் டிரெய்லியர் (செயினை நகர்த்தி கியர் மாத்துற பாகம்) 34 பல்லைத் தாங்குமான்னு முதல்ல பாருங்க. செயினும் நீளமா வேணும். பழைய செயினோட முன்னாடியும் பின்னாடியும் பெரிய பல்லுக்கு மாத்தினா டிரெய்லியர் இழுத்து முறிஞ்சிடும்.

பதில்: வளைவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இடது வளைவுல நாம உள்பக்கம், அங்கதான் செங்குத்து. வளைவுக்கு முன்னாடியே கியரை இறக்கிடுங்க. அழுத்தி மிதிக்கும்போது மாத்தினா செயின் நழுவும். வலது வளைவு வெளிப்பக்கம், மூச்சு வாங்க அதுதான் இடம். பஸ் திரும்பும்போது முழு ரோடும் அதுக்கு வேணும். ஹார்ன் கேட்டா வளைவுக்குள்ள நுழையாம ஓரமா நில்லுங்க, தயவுசெஞ்சு.

பதில்: இறக்கம்தான் ரிம் பிரேக்குக்குச் சோதனை. தொடர்ந்து பிடிச்சா ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டையும் சேர்த்து அழுத்தி, உடனே விடுங்க. கார்பன் ரிம்னா வேண்டவே வேண்டாம். கிளம்பும் முன்னாடி பிரேக் கட்டையில மணல், அலுமினியத் துணுக்கு இருந்தா ஊசியால நோண்டி எடுத்துடுங்க. தண்ணி 750 மி.லி. பாட்டில் ரெண்டு, ஏறத் தொடங்கும் முன்னாடியே நிரப்பிக்கணும்.